நூற்றுப் பதினேழாம் ஓடு

அகழாய்வு முகாமில் மாணவர்களுக்குக் கொடுத்த விதிப்புத்தகத்தில் கையுறையைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் இருந்தது. எப்போது மாட்டவேண்டும், எப்படிக் கழற்றவேண்டும், கிழிந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நாக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அகழாய்வுக்கும் நாக்குக்கும் சம்பந்தம் உண்டு என்பது புத்தகம் எழுதிய பெரியவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. வெளியே சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்கள்.

செம்பொட்டல் அரசு மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு பேர் அந்த முகாமுக்குத் தேர்வாகியிருந்தார்கள். ஆறு வாரம், தினமும் காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை குழிக்குள் வேலை. செவ்வந்தி அவர்களில் ஒருத்தி. வரலாற்றில் அவள் எடுத்த மதிப்பெண்தான் காரணம் என்று ஆசிரியர் சொன்னார். கிடைக்கிற ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் எண் போட்டுச் சீட்டு எழுத ஆள் வேண்டியிருந்தது, தன் கையெழுத்து நன்றாக இருக்கும், அதனால்தான் கூப்பிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

இரண்டாம் நாளே வினை ஆரம்பித்தது. அன்று எடுத்ததில் பாதி ஓடு, பாதி கல். எது எது என்று தெரியாமல் பிள்ளைகள் விழித்துக்கொண்டு நிற்கையில், ஆராய்ச்சி மாணவர் ஹாரூன் அண்ணன் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாக்குல வச்சுப் பாருங்க. ஓடுன்னா ஒட்டும். கல்லுன்னா வழுக்கும்."

"ரெண்டாயிரம் வருசத்து அழுக்குண்ணே," என்றாள் செவ்வந்தியின் தோழி ரஸீனா.

"ரெண்டாயிரத்து அறுநூறு வருசம். அதனால ஒண்ணும் ஆகாது. ரோஸ்லின் மேடம் பாக்குறப்ப மட்டும் செய்யாதீங்க. எங்க வேலையில எல்லாரும் இதைச் செய்வாங்க, செஞ்சேன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

அன்று முதல் பன்னிரண்டு பிள்ளைகளும் இரும்புக் காலத்தை ருசி பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தர் நக்கிப் பார்த்துச் சொன்னால் அடுத்தவர் நம்புவதில்லை. "இங்க குடு, நான் பாக்குறேன்" என்று ஓடு கை மாறி, வாய் மாறி, கடைசியில் செவ்வந்தியிடம் வரும். அவளும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எண் போடுவாள். நாலாம் குழி ஓடு உப்புக் கரிக்கிறது, ஆறாம் குழி ஓட்டில் மழை மண் வாசம் அடிக்கிறது என்று ரஸீனா நிபுணர் மாதிரிப் பேச ஆரம்பித்துவிட்டாள். இத்தனைக்கும் ஒருவரும் கையுறையைக் கழற்றவில்லை. விதியை மீறாத பிள்ளைகள்.

அவர்கள் தோண்டிய மேட்டுக்கு மேற்கே செம்பொட்டல் ஊர், முன்னூறு வீடு. கிழக்கே நாற்பத்திரண்டு வீடுகள் கொண்ட கரிமூட்டக் குடியிருப்பு. சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரி சுடுவதற்காக இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவை. செவ்வந்தி அங்கேதான் பிறந்தாள். மரமெல்லாம் தீர்ந்தபிறகும் அவர்கள் வேறு கூலி வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அவள் அப்பா சந்தனம், இருக்கிற இடத்துக்குப் பட்டா கேட்டு இதுவரை பதினோரு மனு எழுதியிருக்கிறார். எதற்கும் பதில் வந்ததில்லை. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் இன்னும் 'வந்த சனம்'தான்.

இப்போது அந்த வீடுகளுக்கே ஆபத்து வந்திருந்தது. புதிதாக ஒரு மரபிடச் சட்டம் போட்டிருந்தார்கள். பழம்பொருள் கிடைக்கிற மேட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் யாரும் குடியிருக்கக்கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அந்த மேட்டில் வாழ்ந்த ஆதி மக்களின் வழிவந்தவர் யாராவது ஒருவர் இருப்பது நிரூபணமானால், அவர் குடியிருக்கும் பகுதி முழுவதும் அப்படியே இருக்கலாம். எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் முகாமுக்கு ஒரு இயந்திரம் வந்திருந்தது. அதன் அதிகாரப்பூர்வமான பெயர் ஒன்றரை வரி நீளம். மூடியும் ஆவியும் விசில் சத்தமும் இருந்ததால் பிள்ளைகள் அதற்குக் குக்கர் என்று பெயர் வைத்தார்கள்.

முகாமின் தலைவர் டாக்டர் ரோஸ்லின் முதல் நாளே அதை ஊர்க்கூட்டத்தில் விளக்கினார்.

"பானை செய்யறவங்க களிமண்ணைப் பிசையும்போது அவங்க வேர்வை, எச்சில் எல்லாம் மண்ணுக்குள்ள போயிடும். சூளையில வச்சுச் சுட்டாலும் துணுக்குத் துணுக்கா உள்ள தங்கியிருக்கும். இந்த மெஷின் அந்தத் துணுக்குகளைக் கோத்து, அவங்களோட மரபணுவைப் படிக்கும். உங்க எச்சிலைக் குடுத்தீங்கன்னா ரெண்டையும் ஒத்துப் பாத்து, நீங்க அவங்க வம்சமா இல்லையான்னு சொல்லிடும்."

ஊராட்சித் தலைவர் மாயழகுவுக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. ஊருக்குச் சான்று வரும், கரிமூட்டக்காரர்களுக்கு வராது, மேட்டுக்குக் கிழக்கே இடம் காலியாகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். எச்சில் கொடுக்கும் நாளன்று மேளம் வைத்தார். முதல் ஆளாகக் குழாயில் துப்பிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்தால், ரெண்டாயிரத்து அறுநூறு வருடத்து வம்சமும் அவர் பின்னால் வரிசையாக வருகிறதோ என்று தோன்றும். கரிமூட்டத்துச் சனமும் வந்து வரிசையின் கடைசியில் நின்று துப்பியது. மாணவர்களும் துப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்தும் குக்கர் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஓட்டை வைத்தாலும் 'பதிவு குழப்பமாக உள்ளது' என்று விசிலடித்து நின்றுவிடும். நூற்றுப் பதினாறு ஓடுகள் இப்படியே போயின. ரோஸ்லின் மேடத்துக்குத் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு பானையையும் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தா பிசைந்திருப்பார்கள் என்று ஹாரூனிடம் கேட்டார். ஹாரூன் அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

நூற்றுப் பதினேழாம் ஓட்டை வைத்ததும் குக்கர் மூன்று விசில் அடித்தது. பதிவு துல்லியம். எழுநூற்றுச் சொச்சம் பேரில் ஒரே ஒருவரோடு அது பொருந்தியது. கரிமூட்டக் குடியிருப்பைச் சேர்ந்த செவ்வந்தி, வயது பதினாறு.

அதன்பிறகு செம்பொட்டலில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நிருபர்கள் வந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த ஒரு பேராசிரியர், பொருத்தம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், அந்தக் குடும்பம் நூறு தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததுதான் என்று அரைமணி நேரம் பேசினார். செவ்வந்தியின் அம்மா ஜெசிந்தா, கடற்கரையில் மீன்கூடையைப் போட்டுவிட்டு, எந்தச் சொந்தமும் இல்லாத சந்தனத்தோடு ஓடிவந்தவள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பேராசிரியர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் விலக்கு கிடைத்தது. மாயழகு வாடிய முகத்தோடு வந்து செவ்வந்திக்குச் சால்வை போர்த்தினார். டீக்கடையில் சந்தனத்துக்கு உட்காரப் பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அவர் அன்றிரவு வீட்டுக்கு வந்து, "இனிமே மனு எழுத வேண்டியதில்லத்தா" என்று சொல்லிவிட்டு அழுதார். அப்பா அழுது செவ்வந்தி பார்த்ததில்லை. அவளுக்கு நெஞ்செல்லாம் நிறைந்தது. ஆனாலும் அந்தச் சால்வையை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஏனென்றால் நூற்றுப் பதினேழாம் ஓடு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று சுண்டல் வந்துவிட்டது என்று மற்றப் பதினோரு பேரும் ஓடிவிட்டார்கள். அவள் ஒருத்திதான் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

குக்கர் ஏன் நூற்றுப் பதினாறு முறை குழம்பியது, பதினேழாவதில் ஏன் தெளிந்தது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டாயிரத்து அறுநூறு வருடத்து ஆதி மனுசி யாரென்று பார்த்தால், காலையில் இட்லி தின்றுவிட்டு வந்த தானேதான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. யாருக்கு என்ன நட்டம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருடமாகக் கிடைக்காதது கிடைத்திருக்கிறது, கிடைத்துவிட்டுப் போகட்டும்.

நட்டம் யாருக்கு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. தெளிவான பதிவு ஒன்று கிடைத்துவிட்டதால், ஊர்க்காரர்களின் எச்சிலையெல்லாம் அதோடு ஒத்துப் பார்த்திருந்தார்கள். ஒருவருக்கும் பொருந்தவில்லை. எப்படிப் பொருந்தும்? செம்பொட்டல் முன்னூறு வீட்டுக்கும், ஆறு மாதத்துக்குள் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

ரஸீனா மறுநாள் குழிக்குள் செவ்வந்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணைச் சுரண்டினாள். அவள் வீடு ஊருக்குள், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். அவளுக்கு ஓடு நக்குகிற விஷயம் தெரியும். நூற்றுப் பதினேழாம் ஓட்டின் விஷயத்தையும் இந்நேரம் யோசித்துக் கண்டுபிடித்திருப்பாள். செவ்வந்தி அவள் திட்டட்டும் என்று காத்திருந்தாள். ரஸீனா திட்டவில்லை.

"எங்க அத்தா புது ஊருல ஸ்கூல் எங்க இருக்குன்னு விசாரிக்கிறாரு," என்றாள் கடைசியில். "நீ அங்க வந்து சேரமாட்டேல்ல?"

செவ்வந்தி அப்படியே கரண்டியை வைத்துவிட்டு எழுந்து மேடத்தின் கூடாரத்துக்குப் போனாள். நடுவில் இரண்டு முறை திரும்பிவிடலாம் என்று நின்றாள்.

"மேடம், நூத்திப் பதினேழ நான் நக்கிட்டேன்."

ரோஸ்லின் மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பண்ணின?"

"நாக்குல வச்சுப் பாத்தேன். ஓடா கல்லான்னு."

"அது மட்டுமா?"

"எல்லாத்தையும் மேடம். மத்ததையெல்லாம் எல்லாரும் நக்கினோம். இத மட்டும் நான் தனியா."

மேடம் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று செவ்வந்தி பதறிப்போனாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. அதுவும் சீக்கிரமே நின்றுவிட்டது.

"தப்பு என்னோடது," என்றார் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானும் இருபது வருஷமா நக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். கையுறை போடுங்கன்னு நாலு பக்கம் எழுதத் தெரிஞ்ச எனக்கு, இதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." பிறகு அவளை உட்காரச் சொன்னார். "நான் இதை அறிக்கையில எழுதினா உங்க நாப்பத்திரண்டு வீட்டுக்கும் விலக்கு போயிடும். யோசிச்சியா?"

"யோசிச்சேன் மேடம். எழுதாட்டி முன்னூறு வீடு போயிரும்."

"நீ சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே மேடம்," என்றாள் செவ்வந்தி.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சந்தனம் எல்லாவற்றையும் வாசலைப் பார்த்தபடியே கேட்டார்.

"நக்குனியாத்தா?"

"நக்குனேன்ப்பா."

"பசிச்சுச்சுன்னா சொல்லிருக்கலாம்ல, ஏதாச்சும் வாங்கித் தந்துருப்பேன்," என்றார். சிரிக்கத்தான் முயன்றார், முடியவில்லை. ஜெசிந்தா சிரிக்க முயலவே இல்லை. "அந்த ஊரு நமக்கு என்ன செஞ்சுச்சுன்னு நீ அதுக்காகப் போயி சொன்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு மூன்று நாள் மகளிடம் பேசவில்லை. அந்த மூன்று நாளும் செவ்வந்திக்குத் தான் செய்தது சரிதானா என்ற சந்தேகம் தீரவில்லை.

மேடம் அறிக்கை கொடுத்ததும் விலக்கும் நோட்டீஸும் ரத்தாயின. ஊர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தது. இனிமேல் எடுக்கிற ஓடு நம் ஓடாகத்தான் இருக்கும் என்று மாயழகு எல்லோரிடமும் சொன்னார். புதிதாக எட்டாம் குழி தோண்டினார்கள். இந்த முறை எல்லோர் வாயிலும் முகக்கவசம். அதற்குமேல் மேடம் ஒரு நாற்காலியைப் போட்டுக் குழியோரமே உட்கார்ந்துகொண்டார். ஆழத்திலிருந்து இருபது ஓடுகளை யார் கையும் வாயும் படாமல் இடுக்கியால் எடுத்து, அங்கேயே உறையிலிட்டு ஒட்டினார்கள். குக்கர் இருபதுக்கும் மூன்று மூன்று விசில் அடித்தது. ஒரு முறைகூடக் குழம்பவில்லை.

முடிவைச் சொல்லப் பள்ளி மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். மாயழகு முன்வரிசையில் புது வேட்டியோடு இருந்தார். மேளக்காரர்களும் வந்து ஓரமாகக் காத்திருந்தார்கள்.

"இருபது ஓட்டுலயும் ஒரே வம்சம்தான்," என்றார் ரோஸ்லின் மேடம். "நல்ல தெளிவான பதிவு. ஆனா இங்க எச்சில் குடுத்த யாரோடயும் அது பொருந்தலை."

மாயழகு நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யாரோடயும்னா?" என்றார் மாயழகு.

"ஊர்க்காரங்க, கரிமூட்டத்துக்காரங்க, ரெண்டு பக்கமும் யாரும் இல்ல. அப்ப ஆறு இந்த மேட்டை ஒட்டி ஓடியிருக்கு. அது தடம் மாறினதும் அந்தச் சனங்க தண்ணியைத் தேடிக் கிளம்பிப் போயிருக்காங்க. எங்க போனாங்கன்னு எங்களுக்கு இன்னும் தெரியலை."

"நாங்க இங்கயே இருக்குறவக மேடம். எங்க கோயிலுக்கு முன்னூறு வருசம் ஆச்சு. கல்வெட்டே இருக்கு."

"இருக்கு சார், நானும் படிச்சேன். உங்க முன்னோர் தெற்கேயிருந்து வந்து குடியேறிக் கோயில் கட்டினதாத்தான் அதுலயும் எழுதியிருக்கு. இந்த மேடு அதுக்கு முன்னாடி ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் காலியா இருந்திருக்கு."

மேளக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் குச்சியை எடுத்து இடுப்பில் செருகினார். முன்னூறு வீடும் நாற்பத்திரண்டு வீடும் அன்று ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே வாசல் வழியாக வெளியே போயின. ரஸீனா கூட்டத்துக்குள் நுழைந்து வந்து செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அழுகை வந்தது.

அடுத்த வாரத்தில் புது நோட்டீஸ்கள் வந்துவிட்டன. ஊருக்கும் குடியிருப்புக்கும் ஒரே வாசகம், ஒரே தேதி. அதற்கு இரண்டு நாள் கழித்து, முகாமும் முடிந்துவிட்டிருந்தபோது, காலை பத்து மணிவாக்கில் மாயழகு கரிமூட்டக் குடியிருப்புக்குள் நடந்து வந்தார். தலைவராகிப் பதினான்கு வருடமாகியும் மேட்டைத் தாண்டி அவர் இந்தப் பக்கம் வந்ததில்லை. சந்தனத்தின் வீடு எது என்று மூன்று இடத்தில் விசாரித்தார்.

ஜெசிந்தா நாற்காலியைப் போட்டாள். டீ கொடுத்தாள். மாயழகு வாங்கிக் குடித்தார்.

"சந்தனம், நீ மனுவெல்லாம் நல்லா எழுதுவியாம்ல?"

"ஏதோ எழுதுவேன் தலைவரே. பதினொண்ணு எழுதிருக்கேன்."

"அதுல ஒண்ணு காப்பி இருந்தாக் குடேன். ரெண்டு பக்கமும் சேந்து ஒரே மனுவாப் போட்டா எடுபடும்னு வக்கீல் சொல்றாரு. எங்க ஆளுகளுக்கு இப்புடி எழுதிப் பழக்கமில்ல."

சந்தனம் உள்ளே போய்த் தகரப்பெட்டியிலிருந்து கடைசி மனுவின் நகலை எடுத்துவந்து மகளிடம் கொடுத்தார். செவ்வந்தி புதுத் தாளை வைத்துக்கொண்டு முதல் வரியை வாசித்தாள்.

"'பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்து, கடந்த இருபத்தாறு ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் நாங்கள்...'"

"இருபத்தாற எடுத்துட்டு முன்னூறுன்னு போடுத்தா," என்றார் மாயழகு.

"எங்களுக்கு இருபத்தாறுதான தலைவரே," என்றாள் ஜெசிந்தா அடுப்படியிலிருந்து.

'இருபத்தாறு முதல் முன்னூறு ஆண்டுகளாக' என்று முடிவாயிற்று. செவ்வந்தி எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "'பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்து'ன்னு இருக்கே. அது இருக்கட்டுமா, எடுத்துரவா?"

மாயழகு தம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இருக்கட்டும்த்தா," என்றார். "அதான் உண்மைன்னு ஆகிப்போச்சுல்ல."

அவள் எழுதி முடிக்கும்வரை அவர் அப்படியே இருந்தார். பிறகு சந்தனத்தின் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டார். "இந்த மனுவுக்கெல்லாம் பதில் வர எம்புட்டு நாளாகும்?"

"அது எனக்குத் தெரியாது தலைவரே. பதினொண்ணையும் உங்க ஆபீஸ்லதான் குடுத்தேன்."

சந்தனம் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். மாயழகுவின் காது சிவந்துவிட்டது. எழுந்து துண்டைத் தோளில் போட்டவர், போகாமல் நின்றார்.

"பீரோவுலதான் கெடக்கும்," என்றார் யார் முகத்தையும் பார்க்காமல். "மத்தியானம் தேடி எடுத்தாரேன். அதையும் இதோட சேத்துக் குடுத்துருவோம்."

செவ்வந்தி மனுவின் அடியில் 'இணைப்பு' என்று எழுதி, அதன் பக்கத்தில் 'பதினொன்று' என்று போட்டாள்.